வாழையும் வெற்றிலையும்: பொருநைக் கரையின் இரு தோட்டப் பயிர்கள்

அம்பாசமுத்திரத்து எரிச்சாவுடையார் கோயிலில் கண்டெடுக்கப்பட்ட வட்டெழுத்துச் சாஸனம் ஒன்று, வரகுண மகாராசன் என்னும் பாண்டிய மன்னன் தன் ஆட்சியின் 16-ஆம் ஆண்டில், தொண்டை நாட்டிலே பெண்ணையாற்றங்கரை அரைசூரில் பாளையம் இறங்கியிருந்த காலத்தில், அம்பாசமுத்திரத்துத் திருப்போத்துடையார் என்னும் இறைவனுக்கு நாள்தோறும் நான்கு வேளை திருவமுது செய்விப்பதற்காக 290 காசு கொடுத்த வரலாற்றைக் கூறுகின்றது. அந்நாளில் முள்ளிநாட்டு இளங்கோய்க்குடி என்று வழங்கிய இந்த ஊரின் சபையார் அத்தொகையைப் பெற்று, முதலுக்குக் குறைவு வாராமல், காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டு கலமாக 580 கலம் நெல்லை வட்டியாக அளந்து வரச் சம்மதித்தனர். தன் தலைநகருக்கு நெடுந்தூரத்தில், போர்ப் பாசறையில் இருந்த அரசன், தென்கோடியில் உள்ள ஒரு கோயிலின் உணவுக்கலத்தைப் பற்றிச் சிந்தித்தான் என்பதே நெஞ்சை நெகிழ்விப்பது. அவன் சிந்தனை எவ்வளவு நுணுக்கமாகச் சென்றது என்பதைச் சாஸனத்திலுள்ள பட்டியல் காட்டுகிறது. அரிசி, பருப்பு, நெய், தயிர், சர்க்கரை, கறி, மிளகும் மஞ்சளும் சீரகமும் கடுகும் கொத்தமல்லியுமாகிய காயம் ஆகியவற்றோடு, வாழைப்பழமும் அடைக்காயும் வெற்றிலையும் அதில் இடம் பெற்றிருக்கின்றன.

இந்தப் பட்டியலைப் படிக்கும் உழவனுக்கு உடனே ஓர் எண்ணம் தோன்றும். நெல்லைக் குதிரில் இட்டு வைக்கலாம், மிளகையும் மஞ்சளையும் மூட்டையில் கட்டி மலைக்கு அப்பாலிருந்தும் கொண்டு வரலாம். பழமும் பச்சிலையும் அவ்வாறு காத்திருப்பவை அல்ல. நாள்தோறும் நான்கு வேளையும் அவை தடையின்றிக் கோயிலுக்கு வந்து சேர வேண்டுமாயின், நடந்து சென்று பறித்துவரும் தூரத்தில் வாழைத் தோட்டமும் வெற்றிலைக் கொடிக்காலும் இருந்திருக்க வேண்டும். ஆகவே ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பொருநையாற்றங்கரையில் இவ்விரு பயிர்களையும் வளர்க்கும் வித்தை நிலைபெற்று விளங்கிற்று என்று கொள்வதில் பிழையில்லை. ஒரே தட்டில் வைக்கப்படுவதனாலேயே ஒரே வகையாக வளர்வன என்று நகரவாசிகள் எண்ணிவிடுகிற இவ்விரண்டும், மண்ணிலும் வெயிலிலும் நீரிலும், அவற்றுக்கும் மேலாக மனிதனிடம் கேட்கும் உழைப்பிலும், ஒன்றுக்கொன்று நேர் எதிரான சுபாவம் உடையவை. அந்தச் சுபாவ பேதமே இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பயிர் பெருகியதற்கும் மற்றொன்று ஒடுங்கியதற்கும் காரணமாயிற்று என்பது என் எண்ணம்.

முதலில் நீரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டு, புன்னைக்காயலுக்கு அருகே கடலோடு கலக்கும் பொருநையாகிய தாமிரபரணி, ஆனி ஆடி மாதங்களில் மேல்காற்று கொண்டுவரும் மழையையும், ஐப்பசி கார்த்திகையில் கீழ்காற்று கொண்டுவரும் மழையையும் ஒருங்கே பெறும் பாக்கியம் வாய்ந்தது. அதனால் இங்கே கார் என்றும் பிசானம் என்றும் இரு போகம் நெல் விளைகின்றது. ஆற்றின் குறுக்கே அமைந்த கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகிய அணைக்கட்டுகள் ஏழும் ஆங்கிலேயர் வருகைக்கு முற்பட்டவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணை மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களால் கட்டப்பட்டது. நதியுண்ணிக் கால் வடகரையில் அம்பாசமுத்திரத்துப் பக்கம் பாய்கிறது. கன்னடியன் கால் தென்கரையில் கல்லிடைக்குறிச்சியையும் வீரவநல்லூரையும் சேரன்மகாதேவியையும் ஊட்டிச் செல்கிறது. பங்குனி சித்திரையில் கால்வாய்களை அடைத்துத் தூர் வாருவது நெடுநாள் வழக்கம். அறுவடை முடிந்த நெற்பூமிக்கு அதனால் தீங்கில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் நிலத்தில் நிற்கும் பயிர்களுக்கு அந்த இரண்டு மாதங்களே பெரும் பரீக்ஷை.

வாழை அந்தப் பரீக்ஷையில் வாடினும் பிழைத்துவிடும் இயல்புடையது. நல்ல வெயில், ஆழமான வண்டல் கலந்த மண், தேங்காமல் வடியும் நீர், தாராளமான எரு: இவையே அது கேட்பவை. ஒன்றரை அடிக் குழி எடுத்து, தாய் வாழையின் அடியில் ஈட்டி போன்ற ஒடுங்கிய இலையோடு கிளம்பிய கன்றைப் பெயர்த்து நட்டு, வாரத்துக்கு ஒரு முறை நீர் பாய்ச்சி, ஓரிரு முறை மண் அணைத்து, அடியில் மிகுதியாக வெடிக்கும் கன்றுகளைக் களைந்துகொண்டே வந்தால், பத்து முதல் பதினான்கு மாதங்களுக்குள் குலை வெட்டலாம். ஒரு தண்டு ஒரு முறை மட்டுமே ஈனும். ஈன்றதை வெட்டிச் சாய்த்துவிட்டால், பக்கத்தில் நிற்கும் கன்று மறுதாம்பாக எழுந்து அதன் இடத்தைப் பிடித்துக் கொள்ளும். வாழையடி வாழையாக என்று நம் முன்னோர் வாழ்த்தியது இதைக் கண்டே. அதற்குள்ள பெரும் பகை காற்று. குற்றாலச் சாரலைக் கொண்டுவரும் அதே மேல்காற்று, கணவாய்களின் வழியே புகுந்து ஆனி ஆடியில் அம்பாசமுத்திரத்துத் தோப்புகளை உலுக்கும்போது, வேர் ஆழம் இல்லாமையாலும் குலையின் பாரம் உச்சியில் தொங்குவதாலும், ஒரே இரவில் வரிசை வரிசையாகத் தோட்டமே தரையில் படுத்துவிடுவதுண்டு. அதற்காகவே கம்பு கொடுத்து முட்டு வைப்பர். அந்தக் கம்புகளின் விலையே சில ஆண்டுகளில் உழவனின் லாபத்தில் பாதியை விழுங்கிவிடுகிறது.

கொடிக்காலின் கதை முற்றிலும் வேறு. வெற்றிலைக் கொடி மிளகின் இனத்தைச் சேர்ந்தது. மழையும் நிழலும் மிகுந்த மலாய்த் தீவுகளின் காட்டிலிருந்து வந்தது என்று தாவர நூலோர் கருதுவர். வறண்ட காற்று வீசும் பாண்டிநாட்டுச் சமவெளியில் அதை வாழவைக்க வேண்டுமானால், அதன் தாய்க்காட்டை மனிதன் தன் கையாலேயே படைத்துத் தர வேண்டும். கொடிக்கால்காரர் செய்வது அதுவே. நிலத்தை நெடும் பாத்திகளாக உயர்த்தி, பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே ஆழமான கால் எடுத்து, முதலில் பாத்தியின் விளிம்பில் அகத்தி விதைப்பர். அகத்தி முளைத்து, ஓங்கி, மெல்லிய நிழலைப் பரப்பத் தொடங்கிய பின்னரே, முற்றிய கொடியின் துண்டுகளைக் கணுக்கள் மண்ணில் புதையும்படி அதன் அடியில் நடுவர். இளங்கொடிக்குக் காலையும் மாலையும் நீர் தெளிக்க வேண்டும். வேர் பிடித்த பின்னும் மண் ஒருநாளும் காயலாகாது; அதே சமயம் நீர் தேங்கினாலோ வேர் அழுகி, பாத்தி பாத்தியாகக் கொடி மாண்டுபோகும். கால்வாய் அடைக்கப்படும் கோடையிலும் இந்த நியமம் தவறக்கூடாதாகையால், கொடிக்காலுக்குப் பக்கத்தில் கிணறும் கமலையும் இன்றியமையாதன ஆயின.

அதற்குப் பின்னரும் ஓய்வில்லை. கொடி ஏற ஏற, சாண் இடைவெளிக்கு ஒரு கட்டாக அதை அகத்தியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போக வேண்டும். இறுக்கினால் கணு நசுங்கும், தளர்த்தினால் வேர் பற்றாது. நிழல் அடர்ந்துவிட்டால் அகத்தியின் கிளைகளைக் கழிக்க வேண்டும். கழித்த தழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகும், கீரை வீட்டு அடுப்புக்கு ஆகும். ஓர் ஆண்டில் கொடி ஆளுயரத்துக்கு மேல் சென்று, இலை சிறுக்கத் தொடங்கும்போது, கொடி இறக்குதல் என்னும் பெரிய வேலை நடக்கிறது. கட்டுகளை எல்லாம் அவிழ்த்து, கொடியை முறியாமல் கீழிறக்கி, அடிப்பகுதியைச் சுருளாகச் சுற்றிப் பாத்தியில் புதைத்து, மேலே வண்டலும் எருவும் இட்டு மூடி, நுனியை மட்டும் மீண்டும் அகத்தியில் ஏற்றுவர். புதைந்த கணுக்கள்தோறும் புதிய தளிர் வெடித்துக் கிழக்கொடி இளங்கொடியாகிறது. இந்த ஒரு செயலுக்கு வேண்டிய கைப்பக்குவம் நூலைப் படித்து வருவதன்று. தகப்பன் அருகே மகன் குந்தியிருந்து, பல கோடைகளில் பார்த்துப் பார்த்துப் பழகிக் கொள்வது. கொடிக்காலுக்குள் செருப்போடு நுழையலாகாது என்றும், தீட்டோடு கால் வைக்கலாகாது என்றும் பெரியவர்கள் விதித்ததைச் சிலர் மூடப்பழக்கம் என்று தள்ளுவர். ஒரு பாத்தியில் தோன்றிய அழுகல் நோய் காலில் ஒட்டிய ஈரமண்ணோடு மறு பாத்திக்குச் செல்லக்கூடியது என்பதை எண்ணினால், அந்த ஆசாரத்தில் பொதிந்த ஜாக்கிரதையை நாம் மதிக்காமல் இருக்க முடியாது.

இத்தகைய உழைப்பு ஒரு தொழிற்குடியையே உருவாக்கிற்று. எட்கார் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய பெருநூலில், இலைவாணியர் என்றும் சேனைக்குடையார் என்றும் வழங்கிய மக்கள் திருநெல்வேலிச் சீமையில் மிகுதியாக இருப்பதையும், வெற்றிலை பயிரிடுவதும் விற்பதும் அவர்கள் தொழில் என்பதையும் குறித்திருக்கிறார். கொடிக்கால் வேளாளர் என்ற பெயரும் இத்தொழிலிலிருந்தே வந்தது. வாழைக்கு இப்படித் தனியொரு குடி ஏற்படவில்லை. ஏனெனில் நெல் விளைவிக்கத் தெரிந்த எவனும் அதே வயலில் வாழையையும் வைத்துவிடலாம். ஊரின் வரலாற்றில் இந்த வேற்றுமை மிகப் பெரியது.

இவ்வளவு பேதம் உடைய இரு பயிர்களும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்ததில்லை என்பதை இங்கே சொல்லாமல் இருக்கலாகாது. கொடியை அகத்தியோடு கட்டுவதற்கு உகந்தது வாழைநார். ஈரத்தில் மெத்தென்றிருந்து கொடியை அறுக்காமல் பிடிப்பதிலும், கொடி தானே பற்றிக்கொண்ட பின் இற்று எருவாகிவிடுவதிலும் அதற்கு இணையான கயிறு வேறொன்றுமில்லை. ஆதலால் கொடிக்காலின் ஓரத்திலும் கால்களின் கரையிலும் வாழையை நட்டு வைப்பது மரபு. அந்த வாழை காற்றை மறைக்கிறது, நிழல் தருகிறது, நார் தருகிறது. பெருவிரல் நகத்தால் காம்போடு கிள்ளிய இலைகளைக் கவுளி கவுளியாக அடுக்கிச் சந்தைக்கு அனுப்பும்போது, வாட்டம் தட்டாமல் பொதிந்து கட்டுவதற்கு வாழையின் சருகும் மட்டையும் உதவுகின்றன. காற்றடிக்கும் காலம் தவிரத் தன்னளவில் யாதொரு துணையும் வேண்டாத வாழை, துணையின்றி ஒருநாளும் நிற்க மாட்டாத கொடிக்குத் துணையாகிறது.

பழைய அரசிறை முறையிலும் இவ்விரண்டும் ஒரே இனமாகக் கணிக்கப்பட்டன. நெல்லில் அரசனுக்குரிய வாரத்தைக் களத்துமேட்டில் அளந்து வாங்கினார்கள். கரும்பு, மஞ்சள், வாழை, வெற்றிலை முதலியவற்றை வான்பயிர் என்று தனியே பிரித்து, அவற்றுக்குப் பெரும்பாலும் பணமாகவே தீர்வை விதித்தார்கள். அதன் நியாயம் எளிதில் விளங்கும். அரசனுடைய பண்டாரத்தில் ஆயிரம் கோட்டை நெல்லைச் சேமிக்கலாம், ஆயிரம் கவுளி வெற்றிலையைச் சேமிப்பது எங்ஙனம்? வான்பயிர் வைத்த குடியானவன் சந்தையை நோக்கியே வாழ வேண்டியவனானான். நெல்லுலகத்தின் நடுவே காசின் புழக்கத்தைக் கொண்டுவந்தவர்களில் கொடிக்கால்காரரையும் வாழைத்தோட்டக்காரரையும் முதன்மையாகச் சொல்லலாம்.

சந்தை என்றதும் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்த காயல் துறைமுகம் நினைவுக்கு வருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, அரபு நாட்டுக் குதிரைகள் இறங்கும் அந்த மகாபட்டினத்தின் செல்வத்தை வியந்து எழுதியதோடு, அவ்வூர் மக்கள் தாம்பூலம் என்னும் ஓர் இலையை ஓயாமல் வாயில் இட்டு மென்றுகொண்டிருப்பதையும், பிரபுக்கள் அதைக் கர்ப்பூரமும் வாசனைச் சரக்குகளும் சுண்ணாம்பும் கூட்டி உண்பதையும் விரிவாகக் குறித்து வைத்தான். ஒருவன் மற்றொருவனை அவமதிக்க விரும்பினால் மென்ற தாம்பூலத்தை அவன் முகத்தில் உமிழ்வான் என்றும், அது கத்திச் சண்டையில் போய் முடியும் என்றும் அவன் சொல்லுகிறான். கௌரவத்தின் சின்னமான பொருளே அவமதிப்பின் கருவியும் ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

உபயோகத்தில் எது பெரிது என்று கேட்டால், வாழைக்கு எதிராக நிற்க எந்தச் செடியாலும் ஆகாது. காயும் பூவும் தண்டும் கறி, பழம் நிவேதனம், இலை உண்கலம், நார் பூத்தொடுக்க, சருகு பொட்டலம் கட்ட, குலையோடு கூடிய முழு மரமோ மணப்பந்தலின் வாயிலில் கட்ட. பேயன், மொந்தன், செவ்வாழை, கதலி, ஏத்தன், மட்டி, கோழிக்கூடு என்று இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வழங்கும் சாதிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வேலை உண்டு. காய்ச்சலில் கிடந்தவனுக்கும் கைக்குழந்தைக்கும் எந்தப் பழம் என்பது வீட்டுப் பெரியவள் அறிவாள். வெற்றிலையின் உபயோகமோ வயிற்றை நிரப்புவதன்று. உணவு செரிக்க உதவும், சளிக்கு அதன் சாறும், குழந்தையின் மார்பில் விளக்கெண்ணெய் தடவி வாட்டிப் போடும் இலையும் ஆகும் என்பவை உண்மையே. ஆயினும் அதன் உயிர்நிலை வேறிடத்தில் இருக்கிறது. நிச்சயதார்த்தம் அதன் மேல்தான் நிகழ்கிறது. விதைப்புக்கும் நாற்று நடவுக்கும் ஆளை அழைப்பது, வைத்தியருக்கும் ஆசிரியருக்கும் காணிக்கை வைப்பது, தீர்ந்த வழக்கில் இரு தரத்தாரும் சமாதானமாவது, எல்லாம் அந்த இலையின் சாட்சியில் நடந்தன. சிலப்பதிகாரத்தில் கண்ணகி, மதுரைப் புறத்து ஆயர் சேரியில் கோவலனுக்கு இட்ட கடைசி உணவை வாழையின் குருத்திலையிலே படைத்து, உண்டெழுந்தபின் வெற்றிலையும் பாக்கும் தந்தாள் என்று இளங்கோவடிகள் காட்டுகிறார். வாழை தொடங்கி வெற்றிலையில் முடிவதே தமிழன் விருந்தின் இலக்கணம் என்பதை அந்த ஒரு காட்சி நிலைநாட்டிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டு இவ்விரு பயிர்களின் நிலையையும் மாற்றிவிட்டது. 1904-இல் திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம், செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து கொல்லம் வரை இருப்புப்பாதை போடப்பட்டது. பிறகு லாரிகள் வந்தன. மலையாள நாட்டு மக்களுக்கு ஏத்தங்காய் வறுவலின் மேலுள்ள பிரியம் களக்காடு, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரப் பகுதிகளின் வாழைக்கு நிரந்தரமான சந்தையைத் தந்தது. 1942-இல் பாபநாசத்து அணையும் பின்னர் மணிமுத்தாறு அணையும் கட்டப்பட்டு, ஆற்று நீர் முன்னிலும் ஒழுங்குபட்டபோது, இரு போகம் நெல்லில் கிட்டாத வரும்படியை நாடிப் பல நன்செய்கள் வாழைக்கு மாறின. கொடிக்காலுக்கு நேர்ந்தது இதற்கு மாறானது. கூலி உயர்ந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும், விக்கிரமசிங்கபுரத்து ஆலைக்கும், தூரதேசங்களுக்கும் சென்றனர், நாள்தோறும் வாழையைவிடப் பன்மடங்கு கைகளைக் கேட்கும் கொடி, கைகள் குறைந்த வீட்டில் எப்படி வாழும்? தாம்பூலம் தரிக்கும் வழக்கமும் படித்தவர்களிடையே அருகிற்று. பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுக்குக் காரணமாவதை மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் பாக்கையே புற்று விளைவிக்கும் பொருள் என்று உறுதி செய்தது. அந்த எச்சரிக்கையை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் பாக்கும் புகையிலையும் செய்த குற்றத்துக்கு, அவற்றோடு சேர்ந்திருந்த இலையும் தண்டனை பெற்றது என்பதையும் வருத்தத்தோடு குறிப்பிட வேண்டும்.

இன்று தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் கொடிக்கால் புகழோடு விளங்குவது ஆற்றின் கடைமடையில், ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே, பழைய காயலுக்கு அண்மையிலுள்ள ஆத்தூர்ப் பகுதியிலேயே. அங்கு விளையும் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு குமரி மாவட்டத்து மட்டி வாழைக்கும் கிடைத்தது. ஆத்தூர்க்காரர்கள் இலையைச் சக்கை, மாத்து, ராசி என்று தரம் பிரித்து வடநாட்டுச் சந்தைகள் வரை அனுப்புகிறார்கள். ஆற்றின் தலையிலே உள்ள நம் பகுதி வாழையால் பொலிய, வரகுணன் காலத்தில் அதனோடு உடன் பிறந்த கொடி காலிலே போய் ஒதுங்கியிருக்கிறது.

இதில் நான் கவலைகொள்ளும் காரணம் ஒன்றுண்டு. வாழையும் வெற்றிலையும் நம் தோட்டங்களில் விதையால் பெருகுவதில்லை. கன்றைப் பெயர்த்தும் கொடியைத் துணித்தும் மனிதன் கைமாற்றிக் கொடுத்தால்தான் அவற்றின் பரம்பரை தொடரும். திருப்போத்துடையாருக்கு இலை தந்த கொடியின் துண்டும் அதன் துண்டும் அதன் துண்டுமாகக் கைமாறி வந்த உயிர் எங்கேனும் ஒரு பாத்தியில் இன்றும் தளிர்த்திருக்கலாம். அந்தப் பாத்தியைக் கைவிட்டால் அதை மீட்க ஒரு குதிர் நெல்லைப் போல விதை ஏதும் இருக்காது. வாழைக்கு இந்த அச்சம் ஓரளவு குறைவு. திருச்சியில் 1993-இல் தோன்றிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் அதன் சாதிகளைச் சேகரித்துக் காத்து வருகிறது. வெற்றிலைக்கும் சிறுகமணியில் ஆராய்ச்சி நடந்து புதிய கொடியும் வெளியிடப்பட்டது. ஆனால் கொடி இறக்கும் பக்குவத்தைச் சோதனைக்கூடத்தில் சேமித்து வைக்க வழியில்லை. அது பழகிய கையில்தான் இருக்கும்.

அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது; அம்பை 16 முதலான நெல் வகைகளைத் தந்து இந்த ஜில்லாவின் பெயரை நாடெங்கும் பரப்பிய பெருமை அதற்குண்டு. அதன் நிலத்தில் ஒரு மூலையை, கிணற்றோரமாக, கால் ஏக்கர் அளவேனும் கொடிக்காலுக்கு ஒதுக்கி, கொடி இறக்கத் தெரிந்த முதியவர்களை ஆத்தூரிலிருந்து ஆண்டுதோறும் பங்குனியில் வரவழைத்து, இவ்வூர் இளைஞர்களுக்கு அவ்வேலையைக் கற்பிக்குமாறு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். ஓரத்தில் நடுவதற்கு வாழைக்கன்றுகளை இங்குள்ள குடியானவர்களே மனமுவந்து கொடுப்பார்கள்.